கிறிஸ்து: பெயரா, பட்டமா?

'இயேசு கிறிஸ்து' என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! திருப்பலியில் மன்றாட்டுகள் இந்தப் பெயரோடுதான் முடிகின்றன. நம் வீடுகளில் செபமாலைக்குப் பின்னும் இந்தப் பெயரே வருகிறது. சொல்லிச் சொல்லிப் பழகியதால் 'இயேசு' என்பது அவருடைய பெயர், 'கிறிஸ்து' என்பது அதன் பின்னால் வரும் குடும்பப் பெயர் என்பதுபோல நமக்கு ஆகிவிட்டது. ஆனால் நாசரேத்தில் அவரோடு வளர்ந்த யாரும் அவரைக் கிறிஸ்து என்று கூப்பிட்டதில்லை. ஊராருக்கு அவர் தச்சர். யோசேப்பின் மகன், மரியாவின் மகன். வெளியூராருக்கு அவர் நாசரேத்து இயேசு.

கிறிஸ்து என்பது ஒரு பட்டம். அந்தப் பட்டத்தை ஒருவருக்குச் சூட்டுவது நம்பிக்கை அறிக்கை. முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்திலோ அது உயிருக்கே உலை வைக்கக்கூடிய அறிக்கையாகவும் இருந்தது. அதன் பொருளை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சொல்லின் வேர்

எபிரேயத்தில் 'மாஷியாக்' என்றால் எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். இயேசுவின் காலத்து மக்கள் பேசிய அரமேய மொழியில் இது 'மெஷிகா' ஆயிற்று. அதையே கிரேக்கர் தங்கள் நாவுக்கேற்ப 'மெசியாஸ்' என்றார்கள். மொழிபெயர்த்துச் சொன்னபோது 'கிறிஸ்தோஸ்' என்றார்கள். ஆக மெசியா, கிறிஸ்து என்னும் இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. நம் விவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் பேதுருவின் அறிக்கை போன்ற இடங்களில் 'மெசியா' என்றும், புனித பவுலின் திருமுகங்களில் 'கிறிஸ்து' என்றும் வாசிக்கிறோம். மூலக் கிரேக்கத்திலோ இந்த இரு இடங்களிலும் இருப்பது 'கிறிஸ்தோஸ்' என்ற ஒரே சொல். 'மெசியாஸ்' என்ற சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது; இரண்டும் யோவான் நற்செய்தியில். ஒன்று, அந்திரேயா தம் சகோதரர் சீமோனிடம் சொல்வது (யோவா 1:41). மற்றொன்று, கிணற்றடியில் சமாரியப் பெண் சொல்வது (யோவா 4:25).

தமிழில் முன்னோர் 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்' என்றார்கள். இன்று நாம் 'அருள்பொழிவு பெற்றவர்', 'திருப்பொழிவு பெற்றவர்' என்கிறோம். அழகான சொற்களே. ஆனால் அருள்பொழிவு என்று சொல்லும்போது எண்ணெய் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. எபிரேயருக்கு அப்படி மறையவில்லை. அவர்கள் காதில் அந்தச் சொல் விழுந்தால் தலையில் ஊற்றிய ஒலிவ எண்ணெய் தாடியில் வழிவது கண்முன் நிற்கும். சகோதரர் ஒன்றுபட்டு வாழும் இனிமையைப் பாட வந்த திருப்பாடல் ஆசிரியர்கூட ஆரோனின் தாடி வழியே இறங்கி அங்கியின் விளிம்பை எட்டும் எண்ணெயைத்தான் உவமையாக எடுக்கிறார் (திபா 133).

எண்ணெய் யார் தலையில்?

விடுதலைப் பயண நூலின் 30-ஆம் அதிகாரத்தில் புனித எண்ணெய் தயாரிக்கும் முறை அளவுகளோடு தரப்பட்டுள்ளது. வெள்ளைப்போளம், கருவாப்பட்டை முதலிய நறுமணப் பொருள்களை ஒலிவ எண்ணெயோடு கலக்க வேண்டும். அதைச் சாதாரண மனிதர் உடலில் பூசக்கூடாது. அதுபோன்ற ஒன்றைத் தமக்கென்று செய்துகொள்ளவும் கூடாது. ஆரோனும் அவர் புதல்வர்களும் அந்த எண்ணெயால் குருக்களாக அர்ச்சிக்கப்பட்டார்கள். கூடாரமும் பலிபீடமும்கூட அதனால் பூசப்பட்டன. பிறகு அரசர்கள் வந்தார்கள். சவுலின் தலையில் சாமுவேல் ஒரு குப்பி எண்ணெயை வார்த்தார். தாவீதைக் கொம்பிலிருந்த எண்ணெயால் பூசினார். சாலமோனைக் கீகோன் ஊற்றருகே குரு சாதோக்கு பூசினார். இறைவாக்கினர் வரிசையில் எலியா எலிசாவைப் பூசவேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டதை 1 அரசர்கள் 19-இல் வாசிக்கிறோம்.

இவற்றுள் தாவீதின் கதையில் நாம் சற்று நிற்க வேண்டும். பெத்லகேமில், அண்ணன்மார் ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பையன் பூசப்படுகிறான். ஆண்டவரின் ஆவி அவன்மேல் இறங்குகிறது. அடுத்து என்ன? சவுல் ஆள் அனுப்பும்போது அவன் மறுபடியும் ஆடுகளோடுதான் இருக்கிறான். பின்னர் அரண்மனையில் யாழ் வாசிக்கிறான். சவுலின் ஈட்டிக்குத் தப்புகிறான். குகைகளில் ஒளிந்து வாழ்கிறான். எண்ணெய் முதலில் வந்தது. அரியணை வர ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் இஸ்ரயேலின் உண்மையான 'மெசியா' துரத்தப்பட்டவராகவும் கடன்பட்டோருக்கும் துன்புற்றோருக்கும் தலைவராகவும் காட்டில் இருந்தார் (1 சாமு 22:2).

அதே காலத்தில் சவுலும் எண்ணெய் பூசப்பட்டவரே. ஏன்கேதிக் குகையில் சவுல் தாமாக வந்து கையில் சிக்கியபோதும் தாவீது அவரைத் தொடவில்லை. மேலங்கியின் ஓரத்தை அறுத்ததற்கே அவர் மனம் அவரை வாட்டியது. தம்மைக் கொல்லத் தேடுபவர் தலையிலும் ஆண்டவரின் எண்ணெய் இருக்கிறது என்பது அவருடைய நியாயம்.

இன்னொரு வியப்பும் உண்டு. எசாயா 45-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆண்டவரால் திருப்பொழிவு பெற்றவர் என்று பாரசீக மன்னர் சைரசு அழைக்கப்படுகிறார். அவர் யூதர் அல்லர். இஸ்ரயேலின் கடவுளை அறிந்தவரும் அல்லர் என்று அந்தப் பகுதியே சொல்கிறது. ஆயினும் பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த மக்கள் கி.மு. 538-இல் நாடு திரும்ப வழி திறந்தவர் அவர்தான். விடுதலை செய்பவரிடம் கடவுளின் கை இருக்கிறது என்று இறைவாக்கினர் துணிந்து சொன்னார்.

எதிர்பார்ப்பு வளர்ந்த விதம்

தாவீதின் வீடும் அரசும் என்றும் நிலைத்திருக்கும் என்று நாத்தான் வழியாகக் கடவுள் வாக்களித்திருந்தார் (2 சாமு 7). ஆனால் கி.மு. 587-இல் எருசலேம் விழுந்தது. அரசர் செதேக்கியா பிடிபட்டார். அவர் கண்முன்னே புதல்வர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அவருடைய கண்களும் பறிக்கப்பட்டன. தங்கள் உயிர்மூச்சாக இருந்த, ஆண்டவரின் திருப்பொழிவு பெற்றவரே குழியில் அகப்பட்டுவிட்டாரே என்று புலம்பல் நூல் அழுகிறது. நாடு திரும்பிய பிறகும் தாவீதின் அரியணை நிமிரவில்லை. வாக்குறுதி பொய்யா? இல்லை என்றால் அது இனிமேல்தான் நிறைவேற வேண்டும். அதுவரை ஆண்ட அரசரைக் குறித்த 'மெசியா' என்ற சொல், வரவிருக்கும் ஒருவரைக் குறிக்கத் தொடங்கியது இந்த வலியிலிருந்துதான்.

கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றினார். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் எழுந்த 'சாலமோனின் திருப்பாடல்கள்' என்ற யூத நூல் (நம் விவிலியத்தில் இது இல்லை) தாவீதின் மகன் ஒருவர் வந்து அந்நியரை விரட்டி எருசலேமைத் தூய்மையாக்குவார் என்று ஏங்குகிறது. எல்லாரும் ஒரே மாதிரி எதிர்பார்க்கவும் இல்லை. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒன்று, ஆரோனின் மெசியா, இஸ்ரயேலின் மெசியா என்று இருவரைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் குரு, மற்றவர் அரசர். ஆகவே, மெசியாவைப் பற்றி யூதர்களிடம் தெளிவான ஒரே வரைபடம் இருந்தது, இயேசு வந்தபோது அவர்கள் பிடிவாதமாக அதைப் பார்க்க மறுத்தார்கள் என்று சில மறையுரைகளில் சொல்லப்படுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஏக்கம் ஒன்றாக இருந்தது. அதன் உருவங்கள் பலவாக இருந்தன.

பட்டத்தைத் தவிர்த்தவர்

இந்தப் பின்னணியில் நற்செய்திகளை வாசித்தால் ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கும். இயேசு இந்தப் பட்டத்தைத் தேடிப் போகவில்லை. வந்தபோதும் தயங்கியே ஏற்கிறார். அவர் தம்மைக் குறிக்க விரும்பிப் பயன்படுத்தியது 'மானிடமகன்' என்ற சொல். அப்பம் பெருகியதைக் கண்ட கூட்டம் அவரைப் பிடித்து அரசராக்க முயன்றபோது அவர் தனியாக மலைக்கு விலகிச் சென்றார் (யோவா 6:15).

செசரியா பிலிப்புப் பகுதியில் நடந்தது நமக்குத் தெரியும். யோர்தானின் ஊற்றுகளில் ஒன்று அங்கே இருக்கிறது. பெரிய ஏரோது அங்கே அகுஸ்து சீசருக்கு ஒரு கோவில் கட்டியிருந்தார். அவர் மகன் பிலிப்பு அந்த நகருக்குச் சீசரின் பெயரையே சூட்டியிருந்தார். சீசர் வணங்கப்படும் அந்த மண்ணின் அருகில் நின்றுதான், தாம் யார் என்று இயேசு கேட்கிறார். அவரே மெசியா என்று பேதுரு சொல்கிறார். மாற்கு நற்செய்தியில் இயேசு உடனே பாராட்டவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். அதன்பின் மானிடமகன் பாடுபட வேண்டும், கொல்லப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கற்பிக்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். சாத்தான் என்ற பெயரை வாங்கிக்கொள்கிறார். பட்டத்தைச் சரியாகச் சொன்ன அதே வாய், அதன் பொருளைத் தவறாகப் புரிந்திருந்தது. இது நமக்கும் நேர்வதுதான்.

தம்மை மெசியா என்று இயேசு தயக்கமின்றி வெளிப்படுத்திய இடம் ஒன்று உண்டு. அது எருசலேம் கோவில் அல்ல. கலிலேயக் கூட்டமும் அல்ல. நண்பகலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம், தாமே அவர் என்று சொன்னார். அந்த இடத்தில் பட்டத்தைக் கேட்டு வாளைத் தூக்க யாரும் இல்லை.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டவரின் ஆவியால் அருள்பொழிவு பெற்று ஏழைகளுக்கு நற்செய்தி சொல்ல அனுப்பப்பட்டவரைப் பற்றிய எசாயா 61-ஆம் அதிகாரத்தை இயேசு வாசிக்கிறார். எசாயாவில் ஆண்டவரின் அருள்தரும் ஆண்டைத் தொடர்ந்து கடவுள் பழிவாங்கும் நாளும் வருகிறது. லூக்கா காட்டும் இயேசு, அருளின் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார். ஏட்டைச் சுருட்டி ஏவலரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறார். தொடர்ந்து, பிற இனத்தாரான சாரிபாத்துக் கைம்பெண்ணையும் சிரியா நாட்டு நாமானையும் எடுத்துக்காட்டாகச் சொன்னதும், சற்றுமுன் வியந்தவர்களே அவரை மலை உச்சிக்கு இழுத்துச் செல்கிறார்கள்.

பெத்தானியாவில் ஒரு பெண்

சரி, மெசியா என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். அப்படியானால் இயேசுவின் தலையில் எண்ணெய் ஊற்றியது யார்?

யோர்தானில் தூய ஆவியாரால் அவர் அருள்பொழிவு பெற்றார் என்று திருச்சபை கற்பிக்கிறது. கொர்னேலியு வீட்டில் பேதுருவும் அதைத்தான் அறிக்கையிடுகிறார் (திப 10:38). அது எண்ணெய் இல்லாத அருள்பொழிவு. தலைமைக் குரு யாரும் அவரைப் பூசவில்லை. இறைவாக்கினர் யாரும் கொம்பு எடுத்து வரவில்லை. உண்மையில் ஒருவர் அவர் தலையில் தைலம் ஊற்றியது ஒரே ஒரு நிகழ்வில்தான். அது மாற்கு 14-இலும் மத்தேயு 26-இலும் உள்ளது.

பாஸ்காவுக்கு இரண்டு நாள் இருக்கிறது. பெத்தானியாவில் தொழுநோயாளர் சீமோன் வீட்டுப் பந்தி. ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தோடு வருகிறார். சிமிழை உடைக்கிறார். தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறார். உடைத்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். மீதி வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லை. அதை 300 தெனாரியத்துக்கு மேல் விற்றிருக்கலாமே என்று அங்கிருந்தோர் சீறுகிறார்கள். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைப்பு சில நொடிகளில் வழிந்தோடிவிட்டது.

இயேசு அவரைத் தடுக்கவில்லை. தம் அடக்கத்திற்காக முன்னரே தம் உடலில் தைலம் பூசினார் என்று பொருள் சொல்கிறார். யோவான் நற்செய்தியில் இதே பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலடிகளில் பூசுகிறார். லூக்காவில் வேறொரு சூழலில் பாவியான ஒரு பெண் கண்ணீரோடு காலடிகளில் பூசுகிறார். தலையில் ஊற்றியதைச் சொல்பவர்கள் மாற்கும் மத்தேயுவும். தலையில் எண்ணெய் என்றால் அது அரசருக்குரிய செயல் என்பது யூத வாசகருக்கு விளக்காமலே புரியும். ஆக, இஸ்ரயேலின் மெசியாவுக்கு எண்ணெய் வார்த்தவர், பெயர்கூடக் குறிக்கப்படாத ஒரு பெண், இடம், ஒரு தொழுநோயாளரின் வீடு, நோக்கம், அடக்கம். பேதுரு செசரியா பிலிப்பில் ஏற்க மறுத்ததை இந்தப் பெண் ஒரு சொல்லும் பேசாமல் ஏற்றுக்கொண்டார். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவர் செய்ததும் சொல்லப்படும் என்று இயேசு உறுதியளித்தார். இப்படிப்பட்ட உறுதியைத் திருத்தூதர் எவரும் பெறவில்லை.

இரண்டு நாள் கழித்து, தலைமைக் குரு நேரடியாகக் கேட்டபோது இயேசு முதன்முறையாக எல்லார் முன்னிலையிலும் இந்தப் பட்டத்தை ஒப்புக்கொண்டார் (மாற் 14:61-62). கைகள் கட்டப்பட்டிருந்த அந்த நேரத்தில் அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை. மறுநாள் சிலுவையின்மீது, 'யூதரின் அரசர்' என்ற குற்ற அறிக்கை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் மாட்டப்பட்டது. மரத்தில் தொங்குபவர் கடவுளால் சபிக்கப்பட்டவர் என்று திருச்சட்டம் சொல்கிறது. எனவே 'சிலுவையில் அறையப்பட்ட மெசியா' என்பது யூதர் காதில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு சொற்கள். இது தடைக்கல் என்பதைப் புனித பவுல் மறைக்கவே இல்லை (1 கொரி 1:23). தந்தை அவரை உயிர்ப்பித்ததால்தான் அந்தப் பட்டம் பிழைத்தது. இயேசுவின் பெயரோடு ஒட்டி, பெயராகவே ஆனது.

யூத மக்கள் இன்னும் மெசியாவுக்காகக் காத்திருப்பதை நாம் இகழ்ச்சியாகப் பேசக்கூடாது. திருப்பீட விவிலிய ஆணையம் 2001-இல் வெளியிட்ட ஏடு, யூதரின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதன்று என்று சொல்கிறது. நாமும் காத்திருப்பவர்களே, அவர் மீண்டும் வருவார் என்று ஒவ்வொரு திருப்பலியிலும் அறிக்கையிடுகிறோம்.

நம் தலையில் உள்ள எண்ணெய்

அந்தியோக்கியாவில்தான் சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்டார்கள் (திப 11:26). அதே நகரின் ஆயராக இரண்டாம் நூற்றாண்டில் இருந்த புனித தெயோபிலு, கடவுளின் எண்ணெயால் பூசப்படுவதாலேயே நாம் கிறிஸ்தவர் எனப்படுகிறோம் என்று விளக்கினார். வெறும் சொல் விளையாட்டாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். புனித வாரத்தில் ஆயர் தம் குருக்களோடு சேர்ந்து நிறைவேற்றும் எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலியில் மூன்று எண்ணெய்கள் வைக்கப்படுகின்றன: நோயாளருக்கு, திருமுழுக்குப் பெற ஆயத்தம் செய்வோருக்கு, மூன்றாவதாகக் கிறிஸ்மா. ஒலிவ எண்ணெயிலோ வேறு தாவர எண்ணெயிலோ நறுமணத் தைலம் கலந்து, ஆயர் அதன்மேல் ஊதி அர்ச்சிப்பதே கிறிஸ்மா. 'கிறிஸ்து' என்ற சொல்லின் வேரிலிருந்து வந்த பெயர் அது. குழந்தைத் திருமுழுக்கில் தண்ணீர் ஊற்றியபின் உச்சந்தலையில் பூசப்படுவது இதுதான். குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் உறுப்பாக அந்தக் குழந்தை இருக்க வேண்டும் என்று அப்போது வேண்டுகிறோம். உறுதிபூசுதலில் நெற்றியிலும், குருப்பட்டத்தில் கைகளிலும், ஆயர் திருநிலைப்பாட்டில் தலையிலும், புதிய ஆலய அர்ச்சிப்பில் பலிபீடத்திலும் சுவர்களிலும் பூசப்படுவதும் இதே தைலம்.

ஒரே தைலம். இதைச் சொல்லும்போது நம் தமிழகத் திருச்சபையின் புண்ணைத் தொடாமல் போக முடியாது. ஆயர் அர்ச்சித்த ஒரே கிறிஸ்மாவிலிருந்து பூசப்பட்டவர்கள், இறந்தபின் சாதிக்கொரு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட ஊர்கள் நம்மிடையே உண்டு. சில தெருக்களுக்குத் திருவிழாத் தேர் வராது என்ற வழக்கும் இருந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக் கொள்கை ஏடு, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. தம்மைக் கொல்லத் தேடிய சவுலின் மேலங்கியைத் தொட்டதற்கே தாவீதுக்கு மனம் வாடியது. அடுத்த தெருக்காரரின் தலையில் இருக்கும் எண்ணெயை நாம் பார்க்க மறுத்தால், கிறிஸ்து என்ற பட்டத்தை எந்தப் பொருளில் அறிக்கையிடுகிறோம் என்று பேதுருவிடம் கேட்ட கேள்வி நம்மிடமும் வரும்.

இறுதியாக, வழிபாட்டில் கவனிக்க ஒன்று. புனித வாரத் திங்களன்று பெத்தானியாவில் மரியா தைலம் பூசியதை யோவான் நற்செய்தியிலிருந்து வாசிக்கிறோம். தலையில் ஊற்றிய பெண்ணின் நிகழ்ச்சியோ, மாற்கு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டில் குருத்து ஞாயிறன்று பாடுகளின் வரலாற்றின் தொடக்கமாக வருகிறது. 2024-இல் அப்படி வந்தது. அங்கே நீண்ட வாசகம், குறுகிய வாசகம் என இரண்டு உண்டு. குறுகியது பிலாத்துவின் முன் தொடங்குவதால் அதில் அந்தப் பெண் இல்லை. வெயிலும் பவனியும் நேரமும் கருதிப் பல பங்குகளில் குறுகியதையே எடுக்கிறோம். அடுத்து இந்த வாசகம் வரும் 2027-இல் நீண்டதை வாசிக்கும்படி நம் பங்கு வழிபாட்டுக் குழுவினர் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பார்க்கலாம்.